தமிழ் மின்னூலைச் சரிபார்க்க எந்த வழி: கணினியா, கைபேசியா, சொந்தமாக ஒரு கிண்டிலா?

சொந்தமாக மின்னூல் வெளியிடும் நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மின்னூலின் இபப் கோப்பு தயார். கணினியில் திறந்து பார்த்தேன், நன்றாக இருக்கிறது. இது போதுமா, இல்லை சரிபார்ப்பதற்கென்றே ஒரு கிண்டில் வாங்கணுமா?" சிலர் இன்னும் குழம்பிப்போய், நான்கு செயலியில் திறந்தால் நான்கு விதமாகத் தெரிகிறதே, எதை நம்புவது என்று கேட்பார்கள்.

இந்தக் கேள்வியின் கனம் எனக்குத் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சிறுகதைத் தொகுப்பை மின்னூலாக்கினேன். அச்சுப் புத்தகங்களில் இருப்பது போல ஒவ்வொரு கதையின் முதல் எழுத்தையும் மூன்று வரி உயரத்துக்குப் பெரிதாக்கி வைத்தேன். மடிக்கணினியில் பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. வெளியான மூன்றாம் நாள் ஒரு வாசகத் தம்பி, தன்னுடைய பழைய இ-இங்க் கருவியின் (கிண்டில் போல, காகிதம் மாதிரித் தெரியும் மின்மைத் திரை கொண்டது) திரையைப் படமெடுத்து அனுப்பினார். கூடவே ஒரு குறுஞ்செய்தி: "அண்ணே, 'கோடை'ன்னு ஆரம்பிக்கிற கதையில 'க' மட்டும் பெருசா நிக்குது. பக்கத்துல புள்ளிப் புள்ளியா ஒரு வட்டம். அதுக்கு இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால். இது இப்படித்தான் இருக்கணுமா?"

நமக்குக் 'கோ' ஒரே எழுத்து. கோப்புக்குள் அது 'க' ஒன்று, ஓகாரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். "முதல் எழுத்தைப் பெரிதாக்கு" என்று சொன்னால், சில எஞ்சின்கள் (கோப்பைப் படித்துத் திரையில் பக்கமாக வரையும் மென்பொருள்கள்) இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். சில முதல் குறியீட்டை மட்டும் வெட்டி எடுக்கும். வெட்டியதும், மெய்யைப் பறிகொடுத்த ஓகாரக் குறி தன் இரட்டைக்கொம்புக்கும் துணைக்காலுக்கும் நடுவே ஒரு புள்ளி வட்டத்தை வைத்துக்கொண்டு நிற்கும்.

என் கணினியில் நான் பார்த்தது என் கணினியின் எஞ்சினை, என் கணினியில் இருந்த எழுத்துருவை. வாசகர் பார்த்தது வேறு. ஆகவே கீழே ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது இதைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்: இப்போது என் கண் முன்னால் இருப்பது யாருடைய எஞ்சின், யாருடைய எழுத்துரு?

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எழுத்து உடையாமல் இருக்கிறதா. தமிழுக்கு இதுதான் முதல் அளவுகோல். ஆங்கில மின்னூல் செய்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, அதனால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் கோப்பில் மெய்க்குப் பின்னால் இருக்கும், திரையில் முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத கருவியில் தமிழ் சிதறிப்போகும். கிண்டிலில் தமிழ் நூல்களுக்கான ஆதரவை அமேசான் அறிவித்தது 2016 டிசம்பரில்தான். இலவசத் தமிழ் மின்னூல்களைத் தரும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை இபப், பழைய கிண்டில் வடிவமான மோபி ஆகியவற்றோடு 6 அங்குலப் பிடிஎஃப் ஆகவும் தருவதைப் பார்த்திருப்பீர்கள். பிடிஎஃப்பில் எழுத்துருவும் எழுத்துகளின் இடமும் உறைந்துவிடுவதால், தமிழ் தெரியாத கருவியிலும் அது உடையாது.

இதில் கருவியின் தவறு அல்லாத ஒரு சங்கதியும் உண்டு. 'கௌரி' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள'வைத் தட்டிவிடுவது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். வேறு எழுத்துருவுக்கு மாறினால் இடைவெளி தெரியும், தேடினால் சொல் கிடைக்காது, குரல்வழிப் படிப்பான் 'கெளரி' என்று வாசிக்கும். பழைய எழுத்துருக் கோப்புகளில் இருந்து ஒருங்குறிக்கு (யுனிகோடு) மாற்றிய நூல்களில் இந்தப் பிழை நிறைய வரும்.

வரி எங்கே உடைகிறது. "பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 18 எழுத்து. 6 அங்குலத் திரையில், கண் மங்கிய ஒரு பெரியவர் எழுத்தளவைக் கூட்டி வைத்துப் படித்தால், இந்தச் சொல் ஒரு வரியை முழுசாகத் தின்றுவிடும். அதற்கு முந்தைய வரியில் இரண்டே சொற்கள் மிஞ்சும். நீங்கள் இருபுறமும் சீராக்கும் கட்டளையைப் போட்டிருந்தால் அந்த இரண்டு சொற்களும் ஆளுக்கொரு ஓரத்தில் நிற்கும், நடுவே ஒரு வெள்ளை ஆறு ஓடும். சொல்லை இடையில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோக, நூலின் மொழி தமிழ் என்று கோப்பில் குறித்திருக்க வேண்டும், கருவிக்கும் தமிழ்ச் சொற்களை உடைக்கும் விதி தெரிந்திருக்க வேண்டும். முதலாவது நம் கையில், இரண்டாவது நம் கையில் இல்லை. உரைநடைக்கு இடது ஓரம் மட்டும் சீராக விட்டுவிடுவதே நல்லது என்பது என் முடிவு.

செய்யுள். குறளின் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று. "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி" என்ற அடியில் 'ஆதி' மட்டும் அடுத்த வரிக்கு விழுந்துவிட்டால், குறள் மூன்று அடியாகத் தெரியும். படிப்பவருக்கு எது உண்மையான அடி, எது இடமில்லாமல் மடிந்தது என்று புரியாது. மடிந்த பகுதி கொஞ்சம் உள்தள்ளி வரும்படி அமைத்திருந்தால் புரிந்துவிடும். அந்த உள்தள்ளல் எல்லாக் கருவியிலும் வேலை செய்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வாசகர் கைவைக்கும் அமைப்புகள். எழுத்தளவு, எழுத்துரு, இரவு முறை இவை மூன்றும் வாசகரின் உரிமை. வேர்டில் இருந்து மாற்றிய கோப்புகளில் பத்திக்குப் பத்தி "எழுத்தின் நிறம் கறுப்பு" என்ற கட்டளை ஒட்டிக்கொண்டு வரும். இரவு முறையில் பின்னணி கறுப்பாக மாறும்போது, சில செயலிகள் அந்தக் கட்டளையைத் தள்ளிவிட்டு எழுத்தை வெளுப்பாக்கும். சில அதை அப்படியே மதித்து, கறுப்பின் மேல் கறுப்பைக் காட்டும்.

அப்புறம் படம், அட்டவணை, அடிக்குறிப்பு, பொருளடக்கம் எல்லாம் வழக்கமானவை. வண்ணப் படம் கறுப்பு-வெள்ளை இ-இங்க் திரையில் 16 சாம்பல் நிறங்களுக்குள் அடங்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் உள்ள வரைபடம் அங்கே ஒரே கோடாகிவிடும்.

கடைசியாகச் செலவு. பணம் மட்டுமல்ல, ஒரு பிழையைத் திருத்திவிட்டு மறுபடி பார்க்க எவ்வளவு நேரமாகிறது என்பதும் செலவுதான். எனக்கு ஒரு நூலுக்கு இருபது முறையாவது அப்படிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

## எந்த வழிக்கும் முன்னால் இரண்டு வேலை

இபப்செக் என்ற இலவசக் கருவியில் கோப்பை ஓட்டிப் பிழை இல்லை என்று வந்த பிறகே மற்றதெல்லாம். அது கோப்பின் இலக்கணத்தைப் பார்க்கும், அழகைப் பார்க்காது. ஆனால் இலக்கணப் பிழை உள்ள கோப்பு ஒரு செயலியில் திறந்து இன்னொன்றில் திறக்காமல் போகும்போது, எங்கே தவறு என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

இரண்டாவது, ஒரு சோதனை அத்தியாயம். நூலின் முன்னால் இதைத் தற்காலிகமாகச் சேர்த்துவைத்து, வெளியிடும்போது எடுத்துவிடுவேன். அதில் இருப்பவை: கொ, கோ, கௌ வரிசை, ஸ்ரீ, ஶ்ரீ என இரண்டு விதத்திலும், க்ஷ, ஃபி, ௧, ௨, ௩, ₹ குறி (2010இல்தான் ஒருங்குறிக்குள் வந்தது, பழைய எழுத்துரு உள்ள கருவியில் வெறும் கட்டமாகத் தெரியும்), தடித்த எழுத்தில் ஒரு வரி, சாய்ந்த எழுத்தில் ஒரு வரி, மேலே சொன்ன 18 எழுத்துச் சொல் உள்ள ஒரு பத்தி, ஒரு குறள், ஓர் அடிக்குறிப்பு, ஒரு வண்ணப் படம். நானூறு பக்க நாவலைப் புரட்டுவதைவிட இந்த இரண்டு பக்கம் அதிகம் சொல்லும்.

தடித்த எழுத்தை ஏன் சேர்க்கிறேன் என்றால், எழுத்துருவில் தடித்த வடிவம் தனியாக இல்லாதபோது கருவி தானே எழுத்தைப் பருமனாக்கும். அப்போது 'ண', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். சிறிய அளவில் 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும்.

## வழி 1: கணினியில் முன்னோட்டம்

கிண்டில் கடைக்குப் போகிற நூல் என்றால் கிண்டில் ப்ரீவியூவர். அமேசானே இலவசமாகத் தருவது. கோப்பைக் கிண்டில் வடிவத்துக்கு மாற்றி, கைபேசி, டேப்லெட், இ-இங்க் கருவி மூன்றிலும் எப்படி இருக்கும் என்று காட்டும். எழுத்தளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். விண்டோஸ், மேக் இரண்டுக்கு மட்டுமே கிடைக்கிறது, லினக்ஸில் வேலை செய்யும் நம் தன்னார்வ நண்பர்களுக்கு இது ஒரு குறை.

மற்ற கடைகளுக்குத் தோரியம் ரீடர், காலிபர் என்ற மின்னூல் மேலாண்மைச் செயலியின் வாசிப்பான். இரண்டும் இலவசம், லினக்ஸிலும் ஓடும். ஆனால் இரண்டும் அடிப்படையில் குரோமியம் (கூகுள் குரோம் உலாவியின் அடிப்படை) எஞ்சின்தான். தோரியத்தில் பார்த்து, காலிபரிலும் பார்த்து, இரண்டிலும் சரி என்றால் இரண்டு சான்று கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அது ஒரே சாட்சி இரண்டு முறை சொன்னது.

இந்த வழியின் பெரிய பலம் வேகம். கோப்பைத் திருத்தி, அடுத்த நிமிடமே பார்க்கலாம். மொழிக் குறிப்பு, பொருளடக்க இணைப்பு, அடிக்குறிப்பு, படத்தின் அளவு ஆகியவற்றில் வரும் பிழைகளில் பெரும்பகுதியை இங்கேயே பிடித்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு எழுத்துருவில் இருக்கிறது. நடைத்தாளில் (எழுத்துரு, அளவு, ஓரம் எல்லாம் எப்படி என்று சொல்லும் கோப்பு) 'லதா' என்று எழுத்துருவின் பெயரை எழுதி வைத்திருப்பீர்கள், எழுத்துருவைக் கோப்புக்குள் வைத்திருக்க மாட்டீர்கள். உங்கள் விண்டோஸ் கணினியில் லதா இருப்பதால் முன்னோட்டம் பிரமாதமாக இருக்கும். வாசகரின் கருவியில் லதா இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, தமிழ் எழுத்துருக்கள் எதையும் கூடுதலாக நிறுவாத வேறொருவர் கணினியில் ஒருமுறை திறந்து பார்ப்பது. எழுத்துருவை உட்பொதிப்பதானால் மீரா இனிமை, நோட்டோ செரிஃப் தமிழ், காடமரான் போலத் திறந்த உரிமத்தில் வந்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஒரு விலை உண்டு. கிண்டிலின் இந்தியக் கடையில் 70 சதவீத ராயல்டியைத் தேர்ந்தெடுத்தால், அனுப்பும் செலவாக ஒரு எம்பிக்கு ₹7 கழிப்பார்கள். எழுத்துருவும் பெரிய படங்களும் சேர்ந்து கோப்பைப் பெருக்கினால் உங்கள் பங்கில்தான் குறையும்.

இன்னொரு பொறி: காலிபரில் ஏஇசட்டபிள்யூ3 என்ற கிண்டில் வடிவமாக மாற்றி அதைக் கிண்டிலில் ஏற்றிப் பார்த்துவிட்டு, கடையிலும் இப்படித்தான் இருக்கும் என்று நம்புவது. காலிபர் மாற்றும் விதம் வேறு, அமேசான் மாற்றும் விதம் வேறு.

கணினி முன்னோட்டம் மட்டுமே போதும் என்ற நிலை எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. ஏற்கெனவே எல்லாக் கருவியிலும் பார்த்துச் சரியென்று ஆன நடைத்தாளை வைத்து, அதே எழுத்தாளரின் அடுத்த உரைநடை நூலைச் செய்யும்போது.

## வழி 2: கைபேசியும் டேப்லெட்டும்

கிண்டில் செயலி, கூகுள் ப்ளே புக்ஸ், ஆப்பிள் புக்ஸ், அப்புறம் ஆண்ட்ராய்டில் எண்ணற்ற வாசிப்பான்கள். எனக்கு எழுதும் வாசகர்களில் கைபேசியில் படிப்பவர்களே மிக அதிகம். பேருந்தில் நின்றுகொண்டு, இரவில் விளக்கணைத்துவிட்டு. ஆகவே இரவு முறையை ஆண்டுக்கு ஒருமுறை வரும் அமைப்பாக நினைக்காமல், முதலிலேயே அதைப் போட்டுப் பாருங்கள்.

இங்கே உங்கள் முன் இருப்பது போலித் திரை அல்ல. வாசகர் வைத்திருக்கும் அதே எஞ்சின், அதே அகலம். இபப் கோப்பைக் கூகுள் ப்ளே புக்ஸில் உங்கள் சொந்த நூலகத்தில் ஏற்றிப் பார்க்கலாம். கிண்டிலுக்கு 'சென்ட் டு கிண்டில்' வழியாக அனுப்பலாம். 2022 முதல் அது இபப்பை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. பழைய வழிகாட்டிகளில் மோபியாக மாற்றி அனுப்பச் சொல்லியிருந்தால் விட்டுவிடுங்கள், மோபியின் காலம் முடிந்துவிட்டது. ஆப்பிள் புக்ஸ் வேறு எஞ்சின், சஃபாரி உலாவியில் இருக்கும் வெப்கிட். கணினியில் குரோமியத்தில் பார்த்தவருக்கு இது உண்மையிலேயே இரண்டாவது சாட்சி. ஐபோன் இல்லாதவர்கள் யாரிடமாவது பத்து நிமிடம் கடன் வாங்கியாவது பாருங்கள்.

செலவு கிட்டத்தட்ட இல்லை, ஏனென்றால் கைபேசி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. மறைந்திருப்பது நேரம். கோப்பைத் திருத்தி, மறுபடி ஏற்றி, பழைய பிரதியை நீக்கி, புதியதைத் திறக்க ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் போகும். பழைய பிரதியை நீக்க மறந்து, திருத்தம் வேலை செய்யவில்லை என்று அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொள்வதும் நடக்கும். நான் நூலின் தலைப்பிலேயே "சோதனை 7", "சோதனை 8" என்று எண் போட்டுவிடுவேன். அதிலிருந்து அந்தக் குழப்பம் தீர்ந்தது.

கைபேசி காட்டாத ஒன்று உண்டு. அதன் திரையில் படப்புள்ளிகள் மிகவும் நெருக்கமானவை, திரையும் பிரகாசமானது. மெல்லிய கோடுள்ள எழுத்துருவும் அதில் கூர்மையாகத் தெரியும். அடுத்த வழியில் நிலைமை அப்படி அல்ல.

கதை, கட்டுரை, சமையல் குறிப்பு, வண்ணப் படங்கள் நிறைந்த நூல்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் முதன்மையான சோதனைக் களம்.

## வழி 3: சொந்தமாக ஓர் இ-இங்க் கருவி

தமிழ் எழுத்துக்கும் இ-இங்க் திரைக்கும் உள்ள உறவு முழுக்கப் புள்ளியில் இருக்கிறது. 2022க்கு முந்தைய அடிப்படைக் கிண்டில்களில் ஓர் அங்குலத்துக்கு 167 படப்புள்ளிகள். 2022இல் வந்ததில் 300. கேட்க வெறும் எண். ஆனால் 167இல் சிறிய எழுத்தளவில், மெல்லிய எழுத்துருவில், மெய்யெழுத்தின் தலைப்புள்ளி சாம்பல் தூசு போலக் கரைந்துவிடும். 'கல்' என்பது 'கல' ஆகும், 'பால்' என்பது 'பால' ஆகும். படிப்பவர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். செய்யுளிலும் வட்டாரச் சொற்களிலும் அந்தச் சூழலும் கைகொடுக்காது. இதைக் கணினியோ கைபேசியோ உங்களுக்குக் காட்டவே காட்டாது. இ-இங்க் கருவியைக் கையில் வைத்து, ஜன்னலோர வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும்.

இதனால் என் எண்ணம் கொஞ்சம் தலைகீழானது. சரிபார்ப்பதற்காகவே வாங்குவதானால் புதுக் கருவியைவிடப் பழைய கருவியே நல்லது. 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது 7 அங்குலக் கிண்டில் பேப்பர்வொயிட்டின் விலை ₹16,999. அதில் எல்லா நூலும் அழகாகத்தான் இருக்கும். படிக்க வாங்குங்கள், தப்பே இல்லை. சரிபார்க்க என்றால், நண்பர் பயன்படுத்தாமல் மேஜை இழுப்பறையில் போட்டுவைத்திருக்கும் பழைய 6 அங்குலக் கருவி அதைவிட நேர்மையாகப் பேசும். அதில் புள்ளி தெளிவாகத் தெரிந்தால் எந்தத் திரையிலும் தெரியும். மென்பொருளை மட்டும் அந்தக் கருவிக்குக் கிடைக்கும் கடைசிப் பதிப்புக்குப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். ஒரு கருவி ஒரு நிறுவனத்தின் எஞ்சினை மட்டுமே காட்டும். கிண்டிலில், நீங்கள் உட்பொதித்த எழுத்துரு வாசகர் 'பதிப்பாளர் எழுத்துரு' என்ற தேர்வில் இருந்தால்தான் தெரியும், மாற்றிவிட்டால் கருவியின் எழுத்துரு வரும். இரண்டிலும் பார்க்க வேண்டும். கனடாவில் உள்ள தமிழ் வாசகர்களிடம் கோபோ என்ற நிறுவனத்தின் வாசிப்புக் கருவிகளைக் காணலாம், அங்கே நூலக மின்னூல்களை அந்தக் கருவியிலேயே இரவல் வாங்க முடிகிறது. கோபோவில் இன்னொரு சிக்கல்: நீங்கள் கேபிள் வழியாக ஏற்றும் சாதாரண இபப் அடோபியின் எஞ்சினில் திறக்கும், கோபோ கடையில் இருந்து வரும் கெபப் (கோபோவின் சொந்த வடிவம்) வேறொரு எஞ்சினில் திறக்கும். கருவியைக் கையில் வைத்துக்கொண்டே தவறான எஞ்சினைச் சோதித்துவிட முடியும்.

வாங்காமலே ஓரளவு சமாளிக்கக் கேஓரீடர் என்ற கட்டற்ற செயலி உண்டு. ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் ஓடும், கிண்டில், கோபோ கருவிகளிலும் அதை நிறுவிப் பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். குரோமியம் குடும்பத்தைச் சேராத எஞ்சின் என்பதால், வரி உடைப்பையும் உள்தள்ளலையும் அதில் ஒருமுறை பார்ப்பது பயன் தரும். தலைப்புள்ளி கரைவதை மட்டும் அதுவும் காட்டாது.

ஆண்டுக்கு ஆறேழு நூலாவது செய்பவர், கவிதையும் பழந்தமிழ் உரையும் செய்பவர், பதிப்பகம் நடத்துபவர், இவர்களுக்குச் சொந்தக் கருவி அவசியம். முதல் நூலை வெளியிடப் போகும் எழுத்தாளர் அதற்காகவே ₹17,000 செலவழிக்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தை மெய்ப்புத் திருத்துபவருக்குக் கொடுங்கள்.

## வழி 4: நண்பர்களின் கருவிகள்

நான் மிகவும் நம்புவது இதைத்தான். என் புள்ளி வட்டத்தைப் பிடித்தவர் ஒரு வாசகர், எந்த முன்னோட்டச் செயலியும் அல்ல. ஐந்து நண்பர்கள் என்றால் ஐந்து கருவி, ஐந்து எழுத்தளவு, ஐந்து ஜோடிக் கண்கள். நீங்கள் கற்பனையே செய்திராத அமைப்புகளை வைத்துப் படிப்பார்கள்.

ஆனால் சும்மா "பார்த்துச் சொல்லுங்க" என்று அனுப்பினால் "நல்லா இருக்கு அண்ணா" என்று ஒரு வரிதான் திரும்பி வரும். அவர்கள் மேல் தப்பில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நான் அனுப்பும் செய்தி இப்போது இப்படி இருக்கும்: "சோதனை அத்தியாயத்தைத் திறந்து, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் எழுத்தளவில் ஒரு படம், மிகப் பெரிய அளவில் ஒரு படம், இரவு முறையில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கருவியின் பெயரையும் செயலியின் பெயரையும் கூடவே எழுதுங்கள்." பத்து நிமிட வேலை, மூன்று படம். அபிப்பிராயம் கேட்பதில்லை, படம் மட்டும். திரையைப் பார்த்தால் எனக்கே தெரிந்துவிடும்.

பணச் செலவு இல்லை. நாள் செலவு உண்டு, எல்லாரிடம் இருந்தும் படம் வர ஒரு வாரம் ஆகலாம். இரண்டு, மூன்று சுற்றுக்கு மேல் ஒருவரைத் தொல்லை செய்யவும் முடியாது. ஆகவே கணினியிலும் கைபேசியிலும் பிடிக்கக்கூடியதை எல்லாம் பிடித்துவிட்டு, கடைசியாக இவர்களிடம் போங்கள். வெளிவராத நூலின் முழுக் கோப்பையும் கைமாற்றத் தயக்கம் இருந்தால், சோதனை அத்தியாயத்தோடு முதல் அத்தியாயத்தை மட்டும் சேர்த்து ஒரு சிறு இபப் செய்து அனுப்பலாம். உரையை மறைத்தாலும் நடைத்தாள் ஒன்றுதான், அதனால் சோதனைக்குக் குறைவில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கணினி | கைபேசி, டேப்லெட் | சொந்த இ-இங்க் கருவி | நண்பர்களின் கருவிகள் |
|---|---|---|---|---|
| எழுத்து உடைதல் | ஓரளவு, உங்கள் எழுத்துரு ஏமாற்றும் | நன்றாகத் தெரியும் | நன்றாகத் தெரியும், ஒரு எஞ்சினில் மட்டும் | மிக நன்றாகத் தெரியும் |
| தலைப்புள்ளி, சுழி தெளிவு | தெரியாது | தெரியாது | பழைய கருவியில் தெளிவாக | இ-இங்க் வைத்திருப்பவர் இருந்தால் |
| வரி உடைப்பு, செய்யுள் | எழுத்தளவை மாற்றிப் பார்த்தால் தெரியும் | குறுகிய திரையில் நன்றாக | நன்றாக | நன்றாக |
| இரவு முறை | தோரியத்தில் பார்க்கலாம் | இங்கேதான் பார்க்க வேண்டும் | கருவியைப் பொறுத்தது | நன்றாக |
| திருத்திப் பார்க்கும் வேகம் | ஒரு நிமிடம் | ஐந்து நிமிடம் | ஐந்து முதல் பத்து நிமிடம் | நாள்கணக்கு |
| பணம் | இல்லை | இல்லை | கணிசம் | இல்லை |
| மறைந்த செலவு | போலி நம்பிக்கை | பழைய பிரதிக் குழப்பம் | ஒரே எஞ்சினில் சிக்குவது | நட்பின் பொறுமை |

## யாருக்கு எது

ஒரே ஒரு நாவல், முழுக்க உரைநடை: கணினி முன்னோட்டம், உங்கள் கைபேசியில் இரண்டு செயலி, இ-இங்க் கருவி வைத்திருக்கும் ஒரு நண்பர். கருவி வாங்க வேண்டாம்.

கவிதை, திருக்குறள் உரை, சங்க இலக்கியம்: இ-இங்க் இல்லாமல் வெளியிடாதீர்கள். இரவல் வாங்கியாவது ஒரு வாரம் வைத்திருங்கள். அடி மடிவதும் தலைப்புள்ளி கரைவதும் இந்த நூல்களில் பொருளையே கெடுக்கும். மிகப் பெரிய எழுத்தளவில் ஒவ்வொரு பாடல் வகையில் ஒன்றையாவது பாருங்கள்.

சமையல், தோட்டம், மருத்துவக் குறிப்பு போலப் படமும் அட்டவணையும் நிறைந்தவை: கைபேசியிலேயே அதிக நேரம் செலவிடுங்கள். நான்கு நெடுவரிசை அகல அட்டவணை கைபேசியில் நசுங்கும், அதைப் பட்டியலாக மாற்றி எழுதுவதே நல்லது. ஒவ்வொரு பக்கமும் ஓவியமாக உள்ள குழந்தைகள் நூல் நிலையான அமைப்பைச் (எழுத்தளவுக்கேற்பப் பக்கம் மாறாத வகை) சேர்ந்தது, அதற்கு டேப்லெட் சோதனை தனியாக வேண்டும்.

மாதம் ஒரு நூல் செய்யும் தன்னார்வக் குழு: பழைய கருவி ஒன்றைக் குழுவுக்குப் பொதுவாக வாங்கி, ஒரே நடைத்தாளை எல்லா நூலுக்கும் பயன்படுத்துங்கள். நடைத்தாளை மாற்றும்போது மட்டும் நான்கு வழியிலும் முழுச் சோதனை. மற்ற நேரங்களில் கணினி முன்னோட்டமும் ஒரு கைபேசியும் போதும்.

அந்தச் சிறுகதைத் தொகுப்பில் பெரிய முதலெழுத்துகளை எல்லாம் எடுத்துவிட்டு, கதையின் முதல் சொல்லை மட்டும் தடித்த எழுத்தில் வைத்துக் கோப்பைப் புதுப்பித்தேன். தம்பி அதே கருவியில் மறுபடி இறக்கி, 'கோடை' முழுசாக நிற்கும் படத்தை அனுப்பினார். முதல் மூன்று நாளில் வாங்கியவர்களில், தானாகப் புதுப்பிக்கும் அமைப்பை இயக்கி வைக்காதவர்களின் கருவியில் இன்றைக்கும் அந்தப் பழைய கோப்புதான் இருக்கும்.